வேகமும் வினையும்

எபேன், மொரீசியஸ்

அன்புள்ள மாப்ளே,

வீட்டில் எல்லோரும் சுகம்தானே? இங்கே தைப்பூசக் காவடி முடிந்தது. அன்று நாட்டுக்கே அரசு விடுமுறை. ஆனால் இங்கே இது கோடைகாலமாச்சே, தார்ரோட்டில் வெறுங்காலோடு நடந்ததில் பாதம் இன்னும் எரிகிறது.

விடுமுறை முடிந்து ஆபீஸ் போனால் ஒரு புகார். சர்வரில், எல்லோருடைய டைரக்டரிகளும் இருக்கும் ஹோம் டைரக்டரியில், சொந்தக்காரர் பெயரோடு பட்டியல் தரும் 'எல்எஸ் -எல்' கட்டளையை அடித்தால், டீ குடித்துவிட்டு வந்து பார்க்கலாம். அதே இடத்தில், பெயருக்குப் பதில் எண்ணை மட்டும் காட்டும் 'எல்எஸ் -என்' அடித்தேன், சட்டென்று வந்துவிட்டது. அப்படியென்றால் டிஸ்க் மேல் தப்பில்லை. கோப்போடு இருப்பது சொந்தக்காரரின் எண் மட்டும்தானே? பெயர் வேண்டுமென்றால் யாரையாவது கேட்க வேண்டும். ஹோமில் ஒவ்வொரு டைரக்டரியும் வேறு வேறு ஆளுடையது, ஆளுக்கு ஒரு தடவை, பயனர் விவரமெல்லாம் வைத்திருக்கும் எல்டாப் (LDAP) சர்வருக்கு ஓட்டம்.

நம் காலேஜ் லேப்பில், பயனர் பெயரும் எண்ணும் இருந்த பாஸ்வேர்ட் கோப்பில் எத்தனை வரி இருந்திருக்கும்? முதல் வரியிலிருந்து படித்தாலும் யாருக்கும் வலிக்கவில்லை. ஆட்கள் பெருகியபோது 1986இல் 4.3 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பில் அதற்கு, வரிவரியாகப் படிக்காமல் நேரே எடுக்கும் ஹாஷ் தரவுத்தளம் வைத்தார்கள். தேடல் வேகமானது, ஆனால் கோப்பைத் திருத்தும்போதெல்லாம் தரவுத்தளத்தையும் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் கோப்பு ஒன்று சொல்லும், தேடல் வேறொன்று சொல்லும்.

நான், ஒரு தடவை கேட்ட பதிலை நினைவில் வைத்துக்கொள்ளும் என்எஸ்சிடி (nscd) நிரலைப் போட்டேன். வேகம் வந்தது, கூடவே வினையும். கிடைத்த பெயரை அது வழக்கமாக 600 வினாடி நினைவில் வைக்கும், 'இல்லை' என்ற பதிலை 20 வினாடிதான். அந்த 20ஐ ஒரு மணி நேரமாக்கிய புத்திசாலி நானேதான். புதிதாகச் சேர்ந்த பெண் கணக்குத் திறப்பதற்குள் லாகின் செய்து பார்த்திருக்கிறார். திறந்த பிறகும் 'அப்படி ஓர் ஆளே இல்லை' என்றது சர்வர். காலை முழுக்க எல்டாப்பைச் சந்தேகித்தேன். இப்போது பழையபடி 20.

பெயர் தேடும் வரிசையை மட்டும் தொடவில்லை: முதலில் உள்ளூர்க் கோப்பு, அப்புறம்தான் எல்டாப். புயலில் லைன் போனாலும் நிர்வாகிக் கணக்கான ரூட் உள்ளே வர வேண்டுமே. வரிசை என்றால் இந்த ஊர்த் தமிழர்கள் சும்மா விடமாட்டார்கள். 1998இல் இந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள்.

உன் பக்கம், இதே போலப் பதிலை நினைவில் வைக்கும் எஸ்எஸ்எஸ்டி (sssd) ஓடுகிறது என்றாயே. அதில் வழக்கமே 5400 வினாடி ஆயிற்றே, வேலையை விட்டுப் போனவர் பெயர் எவ்வளவு நேரம் தெரிகிறது? பார்த்து எழுது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்
மாப்ளே