தேடினால் அகப்படாத தமிழ் ஆய்வேடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கேரள அரசின் கே-ஃபோன் என்னும் கண்ணாடியிழை இணைய இணைப்பு 2023இல் தொடங்கியது. பாலக்காட்டு எல்லையில் தமிழ் படிக்கும் மாணவர்களுக்கு இன்று இணைய வேகம் பெரிய தடையல்ல. தமிழில் எழுதப்பட்ட ஆய்வுகள் தேடினால் அகப்படாததுதான் தடை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறை முதல் முனைவர் பட்ட ஆய்வேட்டின் மின்படி, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃபிலிப்நெட் மையத்துக்குப் போகிறது. அதன் ஆய்வேட்டுக் களஞ்சியமான சோத்கங்கா தளத்தில் ஏறுகிறது. பாமினி என்னும் பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய ஏடு அங்கே ஏறியும் பயனில்லை. திரையில் 'தமிழ்' என்று தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகக் கிடக்கிறது. தேடுபொறி அதைத் தமிழென்று எப்படி அறியும்? கோப்பை மொத்தமாக யூனிகோடு மாற்றியில் போட்டால் நடுவிலுள்ள ஆங்கிலச் சொற்களும் சிதைந்துவிடும். எழுத்துருவின் பெயரை வைத்துத் தேடி, பாமினிப் பகுதியை மட்டும் மாற்ற வேண்டும்.

ஒவ்வோர் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் பொதுமுறையான யூனிகோடிலும் கவனம் தேவை. 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. என்.எஃப்.சி. முறையில் இயல்பாக்காத, அதாவது இரண்டையும் ஒரே குறியீடாக்காத, தரவில் கொழிஞ்சாம்பாறை இரண்டு ஊராகிவிடும். 'கௌ' தட்ட வேண்டிய இடத்தில் ளகரத்தைச் சேர்த்துத் தட்டிய பிழையை இயல்பாக்கம் திருத்தாது. மெய்ப்புப் பார்ப்பவர்தான் பிடிக்க வேண்டும்.

எல்லைப்பகுதி ஆய்வாளருக்கு மலையாள ஆவணங்களும் வேண்டும். மலையாளத்தில் சில்லெழுத்துகளுக்கு (உயிர் சேராமல் தனி வடிவில் எழுதும் மெய்களுக்கு)த் தனிக் குறியீடு வந்தது 2008இல், யூனிகோட் 5.1இல்தான். முந்தைய கோப்புகளில் மெய், சந்திரக்கலை (நம் புள்ளி போன்ற குறி), கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் என மூன்று குறியீடுகள் சேர்ந்தே ஒரு சில்லு. ராமன், கிருஷ்ணன் என 'ன்'னில் முடியும் பெயர்களெல்லாம் இதில் சிக்கும். இதற்கும் இயல்பாக்கம் உதவாது. பழையதைப் புதியதாக்கும் சிறு நிரல் வேண்டும். அதை எழுத மொழித்துறை மாணவருக்கு யாரும் கற்றுத் தருவதில்லை என்பதே எங்கள் வருத்தம்.

ஆய்வு மாணவருக்கு 30 மணி நேரப் பாடத்தாள் ஒன்று போதும். தமிழ்99 விசைப்பலகையை விரைவில் பழகிவிடலாம். பெரும்பகுதி நேரத்தைக் குறியேற்றத்துக்கும் (எழுத்தைக் கணினிக் குறியீடாகச் சேமிக்கும் முறைக்கும்) தரவைத் துப்புரவாக்குவதற்கும் ஒதுக்க வேண்டும். பழைய நூல்களை 300 டி.பி.ஐ.க்கு (அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்கு)க் குறையாமல் ஸ்கேன் செய்து வருடக் கற்பிக்க வேண்டும். அப்படி வருடினாலும் படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி மென்பொருள் ரகரத்தையும் 'கா'வில் வரும் கால் குறியையும் குழப்பும். 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய 'னை', 'லை' வடிவங்களிலும் தடுமாறும். ஆகவே மெய்ப்புக்கு நேரம் ஒதுக்காமல் திட்டம் போடக்கூடாது. ஊர்ப்பெயர்களை ஏட்டின் விவரக்குறிப்பில் தமிழ், மலையாளம் இரண்டு எழுத்திலும் பதிய வேண்டும்.

நூலகத்தில் ஏட்டை வாங்கும்போதே ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்க்கட்டும்; தமிழாக வராவிட்டால் திருப்பிக் கொடுக்கட்டும். யூனிகோடில் தட்டியதும் பி.டி.எஃப். ஆகும்போது கொம்பு இடம் மாறுவதுண்டு. எனவே மூலக் கோப்பையும் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
கணினித்தமிழ் பயிற்றுநர்கள்,
சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்.