மல்லிகாவுக்கு, திருப்பூரிலிருந்து

அன்புள்ள மல்லிகா,

உன் மெயில் வந்து நாளாகிவிட்டது. இங்கே ஷிப்மென்ட் நெருக்கடி, அதனால்தான் உட்கார்ந்து எழுத முடியவில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது, இப்போது கண்ணாடி இல்லாமலேயே அரிசியில் கல் பொறுக்குகிறாள். பிரவீணுக்குச் சென்னையில் இடம் கிடைத்தது கேட்டு ரொம்பச் சந்தோஷம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஹாஸ்டலுக்குப் போகிற பையனுக்கு ஆடித் தள்ளுபடியில் ஐந்நூறு ரூபாய்க்கு மூன்று என்று விற்கிற டி-சர்ட்டாக அள்ளிப் போட்டுவிடலாமா, இல்லை கொஞ்சம் விலை போட்டு நாலைந்து எடுத்தால் போதுமா என்று கேட்டிருந்தாய். கொஞ்சமாக எடு, நல்லதாக எடு. ஆனால் விலை அதிகம் என்பதால் மட்டும் நல்ல துணி என்று நம்பிவிடாதே. பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்று பார்க்கிறவள் சொல்கிறேன், ஒரே டைலர், ஒரே துணி, கழுத்தில் வைக்கிற லேபிள் மட்டும் மாறி விலை மூன்று மடங்காவது உண்டு.

மலிவான டி-சர்ட் எப்படி மலிவாகிறது என்று தெரிந்தால் கடையில் உன் கை தானாகவே சரியான இடத்தைத் தொட்டுப் பார்க்கும். முதலில் நூல். பஞ்சிலிருக்கும் குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிட்டு நூற்றால் அது கோம்டு நூல், சீவாமல் விட்டால் கார்டட். சீவினால் பஞ்சில் ஒரு பகுதி கழிவாகப் போகும், அதனால் விலை ஏறும். சீவாத நூலில் அந்தக் குட்டை இழைகள்தான் நாலு சலவைக்குள் மேலே வந்து உருண்டு உருண்டு நிற்கும். அடுத்தது ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. நாங்கள் வட்டமாக ஒரு துண்டு வெட்டி, சின்னத் தராசில் வைத்து, வருகிற எடையை நூறால் பெருக்குவோம். 1.8 கிராம் காட்டினால் 180 ஜிஎஸ்எம். மலிவுச் சரக்கு 140 பக்கம் நிற்கும், வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே விட்ட கை தெரியும். பிரவீணுக்குச் சென்னை வெயிலில் 160, 180 போதும், அதற்கு மேல் கனம் வேண்டாம்.

கடையில் தொட்டவுடன் பட்டு மாதிரி வழுக்கினால் அதில் மயங்கிவிடாதே. கடைசியில் சிலிக்கோன் சாஃப்ட்னர் போட்டு அந்த வழவழப்பை யாரும் கொண்டுவரலாம், சில சலவையில் போய்விடும். அதற்குப் பதில் சட்டையை மேஜையில் விரித்துப் போட்டு, இரண்டு பக்கத் தையலும் அக்குளிலிருந்து கீழ்வரை நேராக இறங்குகிறதா என்று பார். துணியை அவசரத்தில் இழுத்து முறுக்கி ஓட்டியிருந்தால், துவைத்ததும் பக்கத் தையல் திரும்பித் தொப்புளுக்கு வந்து நிற்கும், அதை எந்த இஸ்திரியாலும் சரிபண்ண முடியாது. கழுத்தில் வைத்துத் தைத்த பட்டியை, ரிப் என்போம், இழுத்து விடு, அது உடனே பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். அடர்ந்த கலர் என்றால் கைக்குட்டையை நனைத்து உள்பக்கம் தேய்த்துப் பார், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.

சாயம் ஏன் ஒட்டுகிறது தெரியுமா? துணியில் ஏறாமல் தங்கிய மிச்சச் சாயத்தைச் சுடுதண்ணீரில் சோப்பிங் போட்டு அலசி எடுக்க வேண்டும். தண்ணீரும் நீராவியும் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் அங்கேதான் கை வைப்பார்கள். நாம் படிக்கும்போது நொய்யல் ஆறு எந்த நிறத்தில் ஓடியது என்று உனக்கு மறந்திருக்காது. 1992-இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவுத் தேக்கமாகிப்போனது, கீழே இருந்த விவசாயிகளின் நிலமும் கிணறும் வீணாயின. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்புக்கு ஊர் வந்தது. அதற்கு ஆகிற செலவும் ஒழுங்காகச் சாயம் போட்ட துணியின் விலையில் இருக்கிறது. அந்தப் பணத்தைக் கொடுப்பதில் எனக்கு வருத்தமே கிடையாது, வாங்குகிறவர்கள் கொடுக்காதபோது நொய்யல் கரைக்காரர்கள்தானே கொடுத்தார்கள்.

ஒன்று மட்டும் எனக்கு மனதை உறுத்தும். எங்கள் லைனில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற பெண்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ரோட்டோரக் கடையில்தான் எடுக்கிறார்கள். ஒரு சட்டைக்கு மொத்தமாக அறுநூறு ரூபாய் எடுத்து வைக்க முடியாதவர்களிடம் போய்த் தரம் பார்த்து வாங்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் வருஷத்துக்கு மூன்று முறை வாங்கி, கடைசியில் நம்மைவிட அதிகமாகத்தான் செலவழிக்கிறார்கள். நான் சொல்வதெல்லாம் கையில் காசு இருந்தும் ஆஃபர் என்றதும் பை பையாக வாங்குகிற உன்னையும் என்னையும் போன்றவர்களுக்குத்தான். குறைவாக வாங்கினால் உங்கள் ஊருக்கு வேலை குறையாதா என்று கேட்பாய். விலையை அடித்துக் குறைத்து, நாளையே வேண்டும் என்று வருகிற ஆர்டரால் இங்கே யாரும் நன்றாக வாழ்ந்து நான் பார்த்ததில்லை. 2013-இல் வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து ஆயிரத்து நூறு பேருக்கு மேல் செத்தார்களே, முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டும் அவர்களை வேலைக்கு உள்ளே அனுப்பினார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறாது.

பிரவீணுக்கு ஐந்து டி-சர்ட், இரண்டு பருத்திச் சட்டை, இரண்டு பேன்ட் தாராளம். பாலியஸ்டர் வேண்டாம், ஹாஸ்டல் அறையில் வியர்வை நாற்றம் அதை விட்டுப் போகாது. உள்பக்கம் வெளியே திருப்பித் துவைத்து நிழலில் உலர்த்தச் சொல். உன் லெக்கிங்ஸுக்கும் இதேதான், சுடுதண்ணீரும் சூடான இஸ்திரியும் அதிலிருக்கும் லைக்ரா என்கிற இழுவை நூலைக் கொன்றுவிடும், அப்புறம் முட்டி தொங்கும்.

டி-சர்ட்டை அங்கே எடுக்காதே. இங்கே காதர்பேட்டைக் கடைகளில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அதாவது ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு, வரும்போது நானே பொறுக்கி அனுப்புகிறேன். பிரின்ட் லேசாக விலகியது, ஷேடு கொஞ்சம் மாறியது இதெல்லாம் இருந்தால் பரவாயில்லை, ஊசி ஓட்டை விழுந்த பீஸை மட்டும் தொடமாட்டேன், துவைக்கத் துவைக்க அந்த ஓட்டை இழை பிரிந்து பெரிதாகிவிடும். அவனுக்கு நன்றாகப் பொருந்துகிற பழைய டி-சர்ட் ஒன்றை விரித்துப் போட்டு, அக்குளுக்கு ஓர் அங்குலம் கீழே குறுக்காக ஒரு அளவு, தோளிலிருந்து கீழ்வரை ஒரு அளவு எடுத்து அனுப்பு. கறுப்பு பிடிக்குமா என்றும் கேட்டுச் சொல்.

அன்புடன்,
கலா