மலைப் பயணத் திட்டத்தில் ஒவ்வோர் இரவின் உயரமும் அச்சிடப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் தமிழ் நாளிதழ்களில் லடாக் பயண விளம்பரங்கள் வரிசையாக வெளிவருகின்றன. எந்த நாளில் எந்த ஏரி, எந்த மடாலயம், விடுதி எத்தரத்தது, சைவச் சாப்பாடு கிடைக்குமா, சமையல்காரர் உடன் வருவாரா என்பது வரை அவற்றில் சொல்லப்படுகிறது. ஒவ்வோர் இரவும் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் படுத்து உறங்கப் போகிறோம் என்பது மட்டும் நான் பார்த்த எந்த விளம்பரத்திலும் இல்லை. பயணம் நல்லபடியாக முடிவதும், பாதியில் மருத்துவமனைக்குப் போவதும் பெரும்பாலும் அந்த ஒரு விவரத்தைப் பொறுத்தே இருப்பதால், அதைப் பயணத் திட்டத்திலேயே அச்சிடும் வழக்கம் வர வேண்டும் என்று வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

மலை என்றால் நமக்கு நினைவுக்கு வருவது உதகையும் கொடைக்கானலும்தான். உதகையின் உயரம் சுமார் 2,240 மீட்டர்; நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். லடாக்கின் முதன்மை நகரான லேயோ சுமார் 3,500 மீட்டரில் இருக்கிறது. சென்னையிலிருந்து இரவு விமானத்தில் டெல்லி சென்று, அங்கிருந்து விடியற்காலை விமானத்தைப் பிடிப்பவர், கடற்கரையில் இருந்து கிளம்பிய அரை நாளுக்குள் தொட்டபெட்டாவை விடவும் ஏறத்தாழ 900 மீட்டர் உயர்ந்த ஊரில் இறங்கி நிற்கிறார். அங்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு இங்கிருப்பது போல 21 விழுக்காடுதான். ஆனால் காற்றழுத்தம் குறைந்துவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் லேயில் கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கும், 5,359 மீட்டர் உயரக் கர்துங் லா கணவாயில் ஏறக்குறைய பாதி அளவுக்கும் இறங்கிவிடுகிறது. உடல் இதற்கு ஏற்பத் தன்னைப் பழக்கிக்கொள்ளும் என்பது உண்மை; அதற்குச் சில நாட்கள் ஆகும் என்பதும் அவ்வளவே உண்மை. அன்றாடம் உடற்பயிற்சி செய்பவர், இளைஞர் என்பதெல்லாம் இதில் கணக்கில் வராது. திடகாத்திரமானவர்கள் தங்கள் உடலை நம்பி வேகமாக ஏறிவிடுவதையும், அதனாலேயே முதலில் படுத்துவிடுவதையும் அங்கு வண்டி ஓட்டுபவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள்.

பகலில் ஏறும் உயரத்தைக் காட்டிலும் இரவில் தங்கும் உயரத்தையே மருத்துவர்கள் ஏன் முக்கியமாகக் கருதுகிறார்கள் என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. இப்படி ஆக்சிஜன் குறைவதால் வரும் ‘உயர நோய்’ மேலே ஏறிய உடனே வருவதில்லை. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் முதல் இரவிலோ மறுநாள் காலையிலோதான் தலை காட்டும். உறக்கத்தில் நம் மூச்சு மெதுவாகி, இரத்தத்தில் ஆக்சிஜன் மேலும் குறைகிறது. எனவே ஓர் உயர்ந்த கணவாயைப் பகலில் கடந்து, அரை மணி நேரம் நின்று படம் எடுத்துக்கொண்டு, மாலைக்குள் தாழ்வான பள்ளத்தாக்கில் இறங்கிவிடுபவருக்கு இருக்கும் ஆபத்தைவிட, அதைவிடத் தாழ்வான ஓரிடத்தில் எட்டு மணி நேரம் உறங்குபவருக்கு ஆபத்து அதிகமாக இருக்கக்கூடும். 3,000 மீட்டருக்கு மேலே சென்றபின் உறங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஓர் இரவு கூடுதலாகத் தங்க வேண்டும் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் மருத்துவ நெறி.

இந்த நெறியைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்ரீநகரிலிருந்தும் மணாலியிலிருந்தும் லேவுக்குச் செல்லும் இரண்டு முக்கியச் சாலைகளையும் பார்த்தால், வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஸ்ரீநகர் சுமார் 1,585 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பினால் சோனமர்க்கில் 2,700 மீட்டரை ஒட்டி ஓர் இரவு தங்கலாம். மறுநாள் 3,528 மீட்டர் ஜோஜி லா கணவாயைக் கடந்து, திராஸ் வழியாகச் சுமார் 2,680 மீட்டரில் இருக்கும் கார்கிலில் தங்கலாம். அதற்கடுத்த நாள் முல்பெக்கில் சாலையோரப் பாறையில் செதுக்கப்பட்ட மைத்ரேய புத்தரைக் கண்டு, இச்சாலையின் மிக உயர்ந்த இடமான 4,108 மீட்டர் ஃபோட்டு லாவைத் தாண்டி, சிந்து நதிக்கரையில் சுமார் 3,100 மீட்டரில் உள்ள ஆல்ச்சியில் தங்கலாம். ஆல்ச்சி மடாலயத்தின் பழைய சுவரோவியங்கள் ஒரு முழு மாலை நேரத்தைக் கேட்பவை; பெரும்பாலான பயணக் குழுக்கள் அரை மணி நேரத்தில் அதை முடித்துக்கொண்டு லேவுக்கு விரைவது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது. இப்படிச் சென்றால் லேயை அடையும்போது உடல் பாதி பழகியிருக்கும். மொத்தம் சுமார் 420 கிலோமீட்டர்தான். ஒரே நாளில் ஓட்டிவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. ஓட்ட முடியும் என்பதற்காக ஓட்ட வேண்டியதில்லை.

மணாலிச் சாலை அழகில் இதற்குக் குறைந்ததல்ல. ஆனால் ஏறும் விதத்தில் முரடானது. மணாலி சுமார் 2,050 மீட்டர். 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை ரோதாங் கணவாய் ஏற்றத்தைத் தவிர்த்து, 46 கிலோமீட்டர் தொலைவையும் குறைத்துவிட்டது. இதனால் முதல் நாளே வெகுதூரம் போய்விடலாம் என்ற ஆசை வருகிறது. இரண்டு நாள் திட்டங்கள் பலவற்றில் முதல் இரவு சர்ச்சு கூடாரங்களில் வைக்கப்படுகிறது. சர்ச்சுவின் உயரம் சுமார் 4,290 மீட்டர். அதாவது ஒரே பகலில் உறங்கும் உயரம் 2,200 மீட்டருக்கு மேல் கூடுகிறது. நள்ளிரவில் ஒருவருக்கு மூச்சுத் திணறினால் உடனே கீழே இறக்க வேண்டும் என்பதுதான் முதல் மருத்துவம். சர்ச்சுவிலிருந்து தெற்கே திரும்பினால் 4,890 மீட்டர் பாரலாச்சா லா. வடக்கே போனால் 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுலுங் லா. எந்தப் பக்கம் இறங்குவதற்கும் முதலில் மேலே ஏறியாக வேண்டிய அப்படிப்பட்ட இடத்தை, சமவெளியிலிருந்து வந்தவர்களுக்கு முதல் இரவாகக் குறித்துக் கொடுப்பது எனக்குப் பொறுப்பற்ற செயலாகவே தோன்றுகிறது. அதற்குப் பதிலாக, 3,100 முதல் 3,200 மீட்டரில் இருக்கும் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரண்டு இரவு தங்கி, மூன்றாம் நாள் இருள் பிரியும் முன் புறப்பட்டு, வழியில் உள்ள சர்ச்சு, பாங் ஆகிய இடங்களில் தங்காமல், 5,328 மீட்டர் தங்லங் லாவையும் கடந்து இரவுக்குள் லே போய்ச் சேரலாம். அந்த நாள் நீண்டது, களைப்பானது. ஆனால் உறங்கும் உயரம் முந்தைய இரவைவிடச் சுமார் 300 மீட்டர்தான் கூடியிருக்கும். இரண்டு சாலைகளையும் பார்க்க விரும்புபவர்கள் ஸ்ரீநகர் வழியாக ஏறி, ஒரு வாரம் லடாக்கில் இருந்துவிட்டு, மணாலி வழியாக இறங்குவதே சிறந்தது. அப்போது சர்ச்சுவில் தங்க நேர்ந்தாலும் பழகிய உடல் அதைத் தாங்கிக்கொள்ளும்.

விமானத்தில் லே செல்பவர்கள் முதல் 48 மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்று அங்குள்ள நிர்வாகமே அறிவுறுத்துகிறது. இதை நாள் வீணாவதாகக் கருதி, வந்திறங்கிய மறுநாளே கர்துங் லா, அதற்கடுத்த நாள் பாங்காங் ஏரிக்கரையில் கூடாரம் என்று போடப்படும் திட்டங்களைத் தயவுசெய்து ஏற்காதீர்கள். மூன்றாம் நாள் ஷே, திக்சே மடாலயங்களோடு நிறுத்திக்கொண்டு, நான்காம் நாள் நுப்ரா பள்ளத்தாக்குக்குச் செல்லலாம். வழியில் கர்துங் லா உயரமானதுதான் என்றாலும், இரவு தங்கும் திஸ்கித், ஹுண்டர் ஊர்கள் லேயைவிடத் தாழ்ந்தவை. பாங்காங் ஏரி 4,200 மீட்டருக்கு மேல் இருப்பதால் அதைக் கடைசிக்குத் தள்ள வேண்டும். முதியவர்கள் இருந்தால் கரையில் தங்குவதைவிடச் சுமார் 3,900 மீட்டரில் உள்ள தாங்சே ஊரில் தங்கி, காலையில் ஏரிக்குப் போய் வருவது நல்லது. ஏரிக்கரையிலிருந்து லேயின் பெரிய மருத்துவமனைக்கு வர வேண்டுமானால் 5,300 மீட்டரைத் தாண்டும் சாங் லாவைக் கடந்தாக வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

தலைவலியோடு குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை வந்தால் அதற்கு மேல் ஏறக்கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதும், நுரையோடு இருமுவதும், நடை தள்ளாடுவதும், பேச்சில் குழப்பம் தெரிவதும் உயிருக்கு ஆபத்தான அறிகுறிகள். விடியட்டும் என்று காத்திராமல் இறக்க வேண்டும். கடைகளில் விற்கும் சிறிய ஆக்சிஜன் குப்பி சில நிமிடங்களுக்கே வரும். அதை நம்பி இறங்குவதைத் தள்ளிப்போடக்கூடாது. உயர நோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரையை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளலாமா என்பதை ஊரில் இருக்கும்போதே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். சல்பா மருந்துகள் ஒத்துக்கொள்ளாதவர்களும், இதயம், நுரையீரல் தொல்லை உள்ளவர்களும், கருவுற்றிருப்பவர்களும் அதை அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மதுவையும் தூக்க மாத்திரையையும் முதல் சில நாட்களுக்கு அறவே தவிர்ப்பது நல்லது.

மற்ற ஏற்பாடுகள் சுருக்கமாகவே சொல்லக்கூடியவை. மணாலிச் சாலையில் பெட்ரோல் பங்குகள் மிக அரிது என்பதால் கிடைக்கும் இடத்திலேயே தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டும். நம் ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கு வேலை செய்யாது என்பதால் குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இணைப்பு இருக்க வேண்டும். வெளியூரில் வாடகைக்கு எடுத்த வண்டியைக் கொண்டு நுப்ராவும் பாங்காங்கும் சுற்ற உள்ளூர் வாடகை வண்டிச் சங்கங்கள் விடுவதில்லை. பனி உருகும் ஓடைகள் பிற்பகலில் பெருக்கெடுப்பதால் அவற்றைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும். நிலச்சரிவாலோ, பருவம் தப்பிய பனியாலோ கணவாய் மூடப்படுவது அங்கு வழக்கமான ஒன்று. ஆகவே திரும்பும் விமானத்துக்கு முன்பு எந்த நிகழ்ச்சியும் இல்லாத ஒரு நாளைக் கட்டாயம் விட்டுவைக்க வேண்டும். அந்த ஒரு நாள் இல்லாத குழுக்களில்தான், உடம்பு முடியாதவரையும் ஏற்றிக்கொண்டு, மூடப்போகும் கணவாயை நோக்கி இரவில் வண்டியை விரட்டும் நிலை வருகிறது.

பயண நிறுவனங்களிடம் நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. ‘முதல் இரவு கார்கில், 2,680 மீட்டர், இரண்டாம் இரவு ஆல்ச்சி, 3,100 மீட்டர்’ என்று ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண்ணைச் சேர்த்தால் போதும். அந்த எண்கள் இருந்தால் பெற்றோரை அனுப்பிவைக்கும் பிள்ளைகளும், குடும்ப மருத்துவரும் திட்டத்தை ஒரு பார்வையில் எடைபோட்டுவிடுவார்கள். தங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கத்தில் வரும் கட்டுரைகளிலும் இந்த எண்ணைச் சேர்க்குமாறும், மலைப் பயண விளம்பரம் தருபவர்களிடம் இதைக் கேட்டு வாங்குமாறும் வேண்டுகிறேன். அடுத்த கோடைக்கான முன்பதிவுகள் மாதக்கணக்கில் முன்னதாகவே தொடங்கிவிடுகின்றன. ஆகையால் இந்தக் குளிர்காலத்திலேயே தங்கள் நாளிதழ் இதைத் தொடங்கினால், வரும் ஆண்டு பயணம் செல்பவர்களுக்கே பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி