பொங்கலும் வேலை நாளா? கடன் விண்ணப்பத் தளத்தின் மென்பொருள் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். பாலக்கோட்டில் கணினி மையம் நடத்துகிறேன். இங்குள்ள தக்காளி விவசாயிகளுக்காக உங்கள் தளத்தில் விண்ணப்பம் ஏற்றுவது என் அன்றாட வேலை. கேட்ட சான்றைப் 'பத்து வேலை நாட்களுக்குள்' ஏற்ற வேண்டும் என்ற உங்கள் வரியைப் பற்றி மூன்று முறை எழுதிவிட்டேன். மூன்று முறையும் 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது.

2025 ஜனவரி 10, வெள்ளிக்கிழமை. ஒரு பெரியவரிடம் வருமானச் சான்றிதழ் கேட்டு உங்கள் தளம் பத்து வேலை நாள் கொடுத்தது. 14 முதல் 16 வரை பொங்கல் விடுமுறை. 17-ஐயும் அரசு விடுமுறையாக்கி, ஈடாக 25, சனிக்கிழமையை வேலை நாளாக்கியது. சான்றிதழ் 27-ஆம் தேதி கைக்கு வந்தது. அலுவலகக் கணக்கில் அது எட்டாவது வேலை நாள். உங்கள் நிரலோ சனி, ஞாயிறை மட்டும் கழித்துவிட்டு 24-ஆம் தேதி இரவே கதவைச் சாத்திவிட்டது. பெரியவர் திரையைத் தொட்டுக் காட்டி, "இதில் பொங்கல் இல்லையா தம்பி?" என்றார்.

வேலை நாட்களை எண்ணும் எக்செலின் வொர்க்டே (WORKDAY) சூத்திரம்கூட மூன்றாவது இடத்தில் விடுமுறைப் பட்டியலை வாங்கிக்கொள்ளும். பைத்தான் நிரல்மொழியின் நம்பை (NumPy) நிரல் நூலகத்திலும் அதற்கு இடமுண்டு. பட்டியலைக் கொடுக்காவிட்டால் திங்கள் முதல் வெள்ளிவரை வேலைதான் என்று அவை நம்பும். அவற்றைக் குறை சொல்ல முடியாது. அவை பொங்கல் வைத்ததில்லை.

ஒரே பட்டியலும் போதாது. அதே 17-ஆம் தேதி வங்கிகள் திறந்திருந்தன. 25-ஆம் தேதி நான்காவது சனி என்பதால் அரசு அலுவலகம் திறந்திருக்க, வங்கி மூடியிருந்தது. ஆடிப்பெருக்குக்கு எங்கள் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவார்கள்; வங்கி விடுமுறைக்கு அடிப்படையான செலாவணி முறிச் சட்டம், 1881-இன்கீழ் அது வராது என்றும் அந்த ஆணையிலேயே இருக்கும். அப்படியென்றால் அன்று வங்கி உண்டு.

இதில் தேதியை 03/08 என்று வேறு போடுகிறீர்கள். மார்ச் 8-ஆ, ஆகஸ்ட் 3-ஆ? வட்டியை மட்டும் ஞாயிறு, பொங்கல் பாராமல் ஒரு நாள்கூடப் பிசகாமல் கணக்கிடத் தெரிகிறது. சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன்.

எந்த அலுவலகத்தின் சான்றைக் கேட்கிறீர்களோ, அந்த அலுவலகத்தின் விடுமுறைகளைக் கழியுங்கள். இடையில் அரசு அறிவிக்கும் நாளையும் சேர்க்கும்படி பட்டியலைத் தனியே வையுங்கள். கடைசி நாளை 'ஜனவரி 29, புதன்' என்று மாதப் பெயரோடு காட்டுங்கள். நான்காவது முறையாகக் கேட்கிறேன்: விடுமுறைகளைக் கழியுங்கள்.

பெரியவரின் விண்ணப்பத்தையும் தயவுசெய்து மறுபடி திறந்துவிடுங்கள். சான்றிதழ் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
கணினி மையத்துக்காரன்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்