செயலாளரின் ஆண்டறிக்கை: கரையை வானிலிருந்து அளந்த ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவையும் சந்தா நிலுவையையும் பொருளாளர் வாசிப்பார். என் அறிக்கையில் பெரும்பகுதி, நம் கடற்கரையை அளக்கப் பறக்கவிட்ட ட்ரோன் பற்றியதே. சென்ற பொதுக்குழுவில் குரல் உயர்ந்ததும் அதற்காகத்தான்.

செயற்கைக்கோள் படம் இலவசமாகக் கிடைக்கும்போது ட்ரோன் எதற்கு என்று அன்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் லேண்ட்சாட் வரிசைச் செயற்கைக்கோள்களின் படங்கள் 1972 முதல் இருக்கின்றன. பல பத்தாண்டு மாற்றத்தைப் பார்க்க அவற்றுக்கு ஈடில்லை. ஆனால் இன்றைய லேண்ட்சாட் படத்தின் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர். ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2இல் 10 மீட்டர். ஒரு பருவத்தில் நம் கரையில் நடப்பது பெரும்பாலும் அந்த ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். 100 மீட்டர் உயரத்தில் பறக்கும் ட்ரோனில் ஒரு புள்ளி ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். அதோடு, படங்கள் ஒன்றன்மேல் ஒன்று 70 முதல் 80 சதவீதம் படியும்படி எடுத்தால், மணலின் மேடுபள்ளத்தையும் மென்பொருள் கணக்கிட்டுத் தரும். கரைக்கோடு நகர்ந்த தூரத்துடன், போன மணலையும் கன மீட்டரில் சொல்ல முடிகிறது.

பறக்கவிடுவது எளிது. நம் நேரத்தைத் தின்றது தரை வேலை. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகைகளைக் கரை நெடுகப் பரப்பி, ஒவ்வொன்றின் இடத்தையும் உயரத்தையும் ஆர்டிகே கருவியால், அதாவது சென்டிமீட்டர் துல்லியத்தில் இடம் காட்டும் செயற்கைக்கோள் வழிக் கருவியால், அளக்க வேண்டும். இதைத் தவிர்த்தால், லென்ஸ் வளைவை மென்பொருள் தப்பாகப் புரிந்துகொண்டு, சமதளமான கரையைக் கிண்ணம்போல் குழித்துக் காட்டும். பலகைகளை ஒரே வரிசையில் வைத்தாலும் ஆபத்துதான். மென்பொருள் உருவாக்கும் கரையின் முப்பரிமாண மாதிரி மொத்தமும் அந்த வரிசையை அச்சாகக் கொண்டு சாயும். எனவே கடல் பக்கமும் மேட்டுப் பக்கமும் மாற்றி மாற்றி வைத்தோம். சில பலகைகளின் அளவை மென்பொருளுக்குத் தராமல், கணக்குச் சரிதானா என்று பார்க்க ஒதுக்கினோம். வெயிலில் பலகை சுமந்த இளைய உறுப்பினர்களுக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.

புயல் அலைக்குப் பிறகு எடுத்த படம்தான் இவ்வாண்டின் பெரிய சர்ச்சை. கரை பாதியாகக் குறுகித் தெரிந்தது. "கடற்கரை அழிந்தது" என்று உடனே அறிக்கை விட வேண்டும் என்றார்கள் சிலர். செயற்குழு மறுத்தது, என் பார்வையில் அது சரியான முடிவு. பேரலை இழுத்த மணலில் பெரும்பகுதி கரைக்கு அருகே கடலடியில் திட்டாகப் படியும். கடல் அமைதியானால் சிற்றலைகள் அதை மெல்லக் கரையேற்றும். அடுத்தடுத்த பறப்புகளில் மணல் திரும்புவது தெரிந்தது. திரும்பாத இடம் ஒன்று உண்டு: கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவைத் தாண்டி நீரோட்டம் போகும் பக்கம். ஓடிவரும் மணல் முன்பக்கமே தேங்கிவிடுவதால் அங்கே கடலரிப்பு ஓயவில்லை. மணல்மேட்டின் அடிவாரமும் இடிந்து வருகிறது. நாம் அறிக்கை விட வேண்டியது அதைப் பற்றித்தான். ஒப்பிடத்தக்க படங்கள் வரிசையாகக் கையில் இருப்பதால் இப்போது தைரியமாக விடலாம்.

பறப்புகள் எல்லாம் கடல் நீர் இறங்கியிருக்கும் வற்ற நேரத்தில் நடந்தன. ஈரமணலில் பிடிமானமான அடையாளம் குறைவு, நுரை நகர்ந்துகொண்டே இருக்கும், நீருக்கடியில் உள்ளது சரியாக வராது. அதனால்தான் மூத்த உறுப்பினர்களின் கம்பு அளவையைக் கைவிடவில்லை. இரண்டு கம்பையும் தொடுவானத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே கரையின் ஏற்ற இறக்கத்தை அளக்கலாம் என்று அமெரிக்கக் கடலியலாளர் எமரி 1961இல் எழுதிய முறை அது. அவர்கள் இடுப்பளவு நீர்வரை இறங்கி அளக்கிறார்கள். ட்ரோன் தோற்குமிடத்தில் கம்பு தொடர்கிறது. காற்று பலமாக வீசும் நாளிலும் அதுவே துணை.

பறவைகள் முட்டையிட்டிருந்த பகுதியை அந்தப் பருவம் முழுவதும் விட்டுவிட்டோம். வரைபடத்தில் அங்கே வெற்றிடம் இருக்கிறது. இருக்கட்டும். மனித முகங்கள் தெரியும் அளவுக்குத் தாழப் பறக்கவும் இல்லை.

வரும் ஆண்டுக்கு ஒரே கோரிக்கை. இணைத்து முடித்த வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலப் படங்களை அழிக்கும் யோசனையைக் கைவிட வேண்டும். மென்பொருள் மாறும்போது பழைய படங்களை மீண்டும் கணக்கிட நேரும். தேதி, ஓத நிலை (கடல் நீர் ஏறியிருந்ததா இறங்கியிருந்ததா என்பது), பலகைகளின் அளவு ஆகியவற்றுடன் மூலப் படங்களை இரு பிரதிகளாக, இரு வேறு இடங்களில் வைக்க வன்தட்டு வாங்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்