நூலகருக்கும் மூச்சு விட நேரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர் நூலகத்துக்கு 20 வருடமாகப் போய்வருகிறேன். அங்கே வேலை பார்ப்பவர் ஒரே ஒரு அம்மா. கதவைத் திறப்பது, கூட்டுவது, நாளிதழ்களை எடுத்து வைப்பது, புத்தகம் கொடுத்து வாங்குவது எல்லாம் அவர்தான். போன மாதம் புதுப் புத்தகக் கட்டுகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் முத்திரை குத்தி, எண் போட்டு, பதிவேட்டில் எழுதி, அதையே கணினியிலும் ஏற்ற வேண்டும். இடையில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வந்து ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மூன்றரை மணிக்கு நான் போனபோது சாப்பாட்டுத் தூக்கு திறக்காமலேயே மேசையில் இருந்தது. மனசு கேட்கவில்லை. லீவு போட்டால் நூலகத்துக்கே பூட்டு; அதனால் காய்ச்சலோடும் வருகிறார்.

வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் தந்த ஐந்து நூலக விதிகளில் ஒன்று. நூலகரின் நேரத்தைச் சேமிக்காமல் அது எப்படி நடக்கும்?

தினமும் ஒரு மணி நேரம் புத்தகம் வழங்குவதை நிறுத்தி, பதிவு வேலைக்கு ஒதுக்கலாம். பதிவேடு, கணினி இரண்டில் ஒன்று போதும். அடுக்கும் வேலைக்கு வாசகர் வட்டத்தினர் நாங்கள் வாரம் ஒருநாள் வருகிறோம். ஆனால் விடுப்புக்கு மாற்று ஆளும், கூட்டிப் பெருக்க ஒருவரும் அரசு தந்தாக வேண்டும். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தானே கட்டுகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்பாசமுத்திரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.