ஏழு பிள்ளைக்கு எதுக்கு ஒரு டீச்சர்?

பாப்பாவுக்கு,

போன வாரம் நீ கேட்டது மனசிலேயே நிற்கிறது. "ஏழு பிள்ளைக்கு எதுக்கும்மா ஒரு டீச்சர்? மூணு மாசம் லீவு போட்டுட்டு உன் பேத்தியைப் பார்த்துக்க பெங்களூர் வா" என்றாய். போனில் பதில் சொன்னால் சண்டையாகிவிடும், அதனால் எழுதுகிறேன்.

என் பால்வாடிப் பதிவேட்டில் 13 பேர். இரண்டு பேர் பெற்றோரோடு திருப்பூர் போய்விட்டார்கள். நாலு பேரைக் காலை எட்டு மணிக்கே தனியார் ஸ்கூலின் மஞ்சள் வேன் அள்ளிக்கொண்டு போகிறது. அதில் இரண்டு பேருக்கு ஆர்டிஇ என்கிற கல்வி உரிமைச் சட்டத்தில் இலவச சீட்டு. அந்தத் தாய்மாரைக் குறை சொல்ல மாட்டேன். டை கட்டி, ஷூ மாட்டி அனுப்ப யாருக்குத்தான் ஆசை இல்லை? பால்வாடி டீச்சர் மகள் உன்னையே உங்கப்பா வேனில்தானே ஏற்றினார்!

சமையலுக்கும் உதவிக்கும் இருந்த ஆயா ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம் ஆகிறது. "ஆள் போடுவோம்" என்கிறார்கள், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை அடுப்பில் பருப்பு, இங்கே நரி கதை. நடுவில் ஒருத்தன் டிரவுசரை நனைத்துவிட்டான். அவனைக் கழுவி, துணி மாற்றி வருவதற்குள் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. ஓடி வந்து பார்த்தால், நான் விட்ட இடத்திலிருந்து ஒரு நாலு வயசுக்காரி கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் நரி வேனில் ஏறி ஸ்கூலுக்குப் போய்விட்டது!

மத்தியானம் போஷன் டிராக்கர் என்கிற அரசு ஆப். சத்துமாவு வாங்க வரும் தாயை போன் முன்னால் நிறுத்தி, "கண்ணை மூடித் திற" என்று படம் பிடிக்க வேண்டும். நெட் கிடைக்க வேப்பமரத்தடிக்குப் போவோம். அந்த நேரம் பிள்ளைகளை யார் பார்ப்பது?

நான் லீவு போட்டால் பக்கத்து ஊர் டீச்சருக்குக் கூடுதல் பொறுப்பு கொடுப்பார்கள். அவர் தன் மையத்தை விட்டு வாரத்தில் இரண்டு நாள் வந்தாலே பெரிது. மற்ற நாள் பூட்டுதான். பூட்டைப் பார்த்துத் திரும்பிய தாய் வேன்காரரிடம் பேசாமல் என்ன செய்வாள்? ஆயா இல்லாததால் பிள்ளை குறைகிறது. பிள்ளை குறைந்தால், "இத்தனை பேருக்கு ஆயா எதற்கு" என்பார்கள். ஒரு மையத்துக்கு 400 பேராவது ஊரில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. நம் ஊர் அந்த விளிம்பில் நிற்கிறது.

1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவு வந்தபோது எனக்கு மூணு வயசு. இதே பால்வாடியில்தான் தட்டு ஏந்தினேன். இப்போது வரும் ஏழு பேரில் மூணு பேரைப் பாட்டிமார்தான் வளர்க்கிறார்கள். முட்டை போடுகிற நாளில் அதில் ஒருத்தி பாதியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வாள், தம்பிக்கு. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டு, அவள் கிளம்பும்போது சட்டையில் ஒட்டிய துணுக்கை மட்டும் தட்டிவிடுவேன்.

மே மாசம் விடுமுறை விட்டதும் வருகிறேன். அதுவரை உன் மாமியாரைக் கேட்டுப் பார். பேத்திக்குச் சத்துமாவு கேட்டாயே, அது கணக்கில் இருக்கிறது, தொட மாட்டேன். கேழ்வரகு வாங்கி வறுத்து அரைத்து எடுத்து வருகிறேன்.

அம்மா